வராத விருந்தினரின் வரலாறு

விடுதி நடத்துவது முன்பின் அறியாதவரை நம்பும் தொழில். மளிகைக்கடைக்காரர் தெரிந்த முகத்துக்குத்தான் நோட்டில் கடன் எழுதுவார். நகைக்கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிய பிறகே நகைப்பெட்டியை நீட்டுவார். விடுதிக்காரர் மட்டும், ஒரு பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவருக்காக அறையைப் பூட்டி வைக்கிறார். அதே அறையைக் கேட்டு வாசலில் வந்து நிற்பவரை ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார். சொன்னவர் சொன்ன நாளில் வருவார் என்று விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கிறார்.

வள்ளுவர் விருந்தோம்பலை அறத்துப்பாலில் 9-ஆம் அதிகாரமாகவும், ஆளை ஆராய்ந்து நம்புவதைப் பேசும் தெரிந்துதெளிதலைப் பொருட்பாலில் 51-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். முன்னது இல்வாழ்வானுக்கு, பின்னது அரசனுக்கு. இரண்டுக்கும் நடுவே நாற்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் கிடக்கின்றன. சிறு விடுதி நடத்துபவருக்கு அந்த இடைவெளி வாய்ப்பதில்லை. மேசைமேல் தொலைபேசி மணி அடிக்கும் கணத்திலேயே அவர் இரண்டு அதிகாரங்களிலும் நின்றாக வேண்டும். அந்த ஒரு கணத்தை நம்பிப் பிழைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அக்கூட்டத்தின் வரலாற்றை ஓரளவு தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வசதிக்காக இவ்வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பகுத்துக்கொள்ளலாம். வந்து தங்கி ஏமாற்றியவரின் காலம் முதலாவது. வராமலேயே ஏமாற்றியவரின் காலம் இரண்டாவது. விடுதிக்காரரின் உருவத்தையே தாம் எடுத்துக்கொண்டு ஏமாற்றுபவரின் காலம் மூன்றாவது. அதில்தான் நாம் இப்போது இருக்கிறோம்.

*

பழைய காலத்து எத்தரைப் புரிந்துகொள்ளப் பழைய காலத்துச் சட்டம் உதவும். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் சத்திரக்காரரின் கடமைகள் கடுமையானவை. இடமிருந்து, தங்க வருபவருக்குக் கொடுக்க வசதியும் இருந்தால், தக்க காரணமின்றி அவரை மறுக்க முடியாது. தங்கியவரின் பொருள் காணாமல் போனால் சத்திரக்காரரே பொறுப்பு. இந்தச் சுமைகளுக்கு ஈடாக ஓர் உரிமையும் தரப்பட்டிருந்தது: பாக்கி தீரும்வரை தங்கியவரின் பெட்டி படுக்கையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 1878-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சத்திரக்காரர் சட்டம் ஒரு படி மேலே சென்றது. அவ்வாறு விட்டுச் செல்லப்பட்ட பொருளை ஆறு வாரம் வைத்திருந்து, நாளிதழில் முன்னறிவிப்பு கொடுத்து, ஏலத்தில் விற்று பாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்றது. இந்தியாவிலும் 1867-இல் சராய்ச் சட்டம் வந்தது. சராய் நடத்துபவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று.

இச்சட்டங்களைப் படிக்கும்போது ஒன்று விளங்குகிறது. அவற்றின் மனத்தில் இருந்த மோசடிக்காரர் உடம்போடு வந்தவர். அவர் கதவைத் தட்டினார், சாப்பிட்டார், உறங்கினார். விடிவதற்குள் கம்பி நீட்டினார். அவருடைய முகத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர் விட்டுச்சென்ற பெட்டி மிஞ்சியது. சில வேளை அதற்குள் செங்கல் இருந்ததாகக் கதைகளும் உண்டு. எப்படியாயினும் இழப்புக்கு ஓர் எல்லை இருந்தது. சில நாள் வாடகை, சில வேளைச் சாப்பாடு, அதற்குமேல் இல்லை. விடுதிக்காரர் தாம் கொடுத்ததை இழந்தார். தம்மிடம் முன்பே இருந்ததை இழக்கவில்லை.

*

வராமலேயே ஏமாற்றும் கலை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாய்வீடு சிறைச்சாலை. பாரிஸ் காவல்துறையில் துப்பறியும் பிரிவை அமைத்தவரும், அதற்குமுன் தாமே கைதியாக இருந்தவருமான விடோக், 1828-இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக்குறிப்புகளில் ‘ஜெருசலேம் கடிதங்கள்’ என்றொரு வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறையிலிருந்த எத்தர்கள் ஊரிலுள்ள பணக்காரர்களின் முகவரிகளைத் திரட்டிக் கடிதம் எழுதுவார்கள். புரட்சிக் கலவரத்தில் தப்பியோடிய பிரபு ஒருவரின் பணியாளன் நான். வழியில் ஒரு பெட்டியைப் புதைத்து வைத்தோம். அதை எடுக்கச் சிறு தொகை அனுப்பினால் பங்கு தருவேன் என்கிற பாணியில் கடிதம் செல்லும். நூறு கடிதங்களுக்கு இருபது பதில் வந்துவிடும் என்கிறார் விடோக். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ‘ஸ்பானியக் கைதி’ என்னும் பெயருடன் அட்லாண்டிக்கைக் கடந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நைஜீரியக் கடிதங்களாக மறுபிறவி எடுத்தது.

நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் பொய்யுரைத்துப் பொருள் பெறுவதற்கான பிரிவின் எண் 419. அந்த எண்ணே இம்மோசடியின் உலகப் பெயராகிவிட்டது. நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு 420. ஒரே பேரரசு தன் குடியேற்றங்களுக்கு வழங்கிய இரு சட்டங்கள், இரண்டு கண்டங்களின் பேச்சுவழக்கில் அடுத்தடுத்த இரு எண்களை வசைச்சொற்களாக விட்டுச்சென்றது தற்செயல்தான். ஆனாலும் சுவையான தற்செயல். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து அக்குற்றம் 318-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. சட்டத்திலிருந்து நீங்கிய பின்னும் ‘ஃபோர் ட்வென்டி’ நம் நாவிலிருந்து நீங்கியதாகத் தெரியவில்லை.

இக்குடும்பத்தின் கடிதங்களுக்கும் விடுதிக்காரரை நோக்கி வந்த கடிதங்களுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. புதையலில் பங்கு கேட்டவன் பேராசைக்காரன் என்று உலகம் சிரித்தது. அவனும் வெட்கப்பட்டு வாய்மூடினான். விடுதிக்காரரிடம் யாரும் புதையல் பேசவில்லை. ‘நான்கு அறை வேண்டும், பத்து நாள் தங்குவோம், வாடகை எவ்வளவு?’ என்று கேட்டார்கள். அதற்குப் பதில் எழுதுவது பேராசை ஆகாது, அன்றாடப் பிழைப்பு. பேராசைக்கு ஏற்பட்ட அதே ஏளனம் பிழைப்புக்கும் கிடைத்ததுதான் இவ்வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று. ஏமாந்த விடுதிக்காரர்கள் பலர் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு அந்த ஏளனம் முக்கியக் காரணம் எனலாம்.

*

இரண்டாவது கட்டம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முழு வடிவம் பெற்றது. அங்கே ‘படுக்கையும் காலையுணவும்’ தரும் சிறு விடுதிகள் ஒரு தனி மரபு. பெரும்பாலும் குடும்பம் வாழும் வீட்டிலேயே நான்கைந்து அறைகள். கணவன் மனைவி இருவரே மேலாளரும் சமையற்காரரும் துப்புரவாளரும். 1990-களின் இறுதியில் இணையம் வந்தபோது, பெருவிடுதிகளுக்கு இருந்த விளம்பர வசதி முதன்முறையாக இவர்களுக்கும் கிட்டியது. சொந்தமாக ஓர் இணையப் பக்கம், ஒரு மின்னஞ்சல் முகவரி. உலகின் எந்த மூலையிலிருந்தும் விருந்தினர் வரலாம். வராமல் கடிதம் மட்டும் எழுதுபவரும் வரலாம்.

கடிதத்தின் போக்கு ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒன்றே. வெளிநாட்டிலிருந்து ஒரு திருமணக் குழுவோ மாணவர் குழுவோ வரவிருக்கிறது. மொத்த வாடகையையும் முன்கூட்டியே அனுப்புகிறோம். உடன் வரும் ஓட்டுநருக்கோ பயண முகவருக்கோ சேர வேண்டிய தொகையையும் ஒரே காசோலையில் சேர்த்துவிட்டோம். உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கு வெஸ்டர்ன் யூனியன் வழியே அனுப்பிவிடுங்கள். கேட்டதற்குமேல் பணம் வருகிறது. வந்தவர் கேட்பது ஒரு சிறு உதவி. விருந்தோம்பும் தொழிலில் இருப்பவர் உதவி செய்யாமல் இருப்பாரா?

இந்த ஏற்பாடு பலித்ததற்குக் காரணம் எத்தரின் எழுத்துத்திறன் அன்று. பெரும்பாலான கடிதங்கள் இலக்கணப் பிழை மலிந்தவை. காரணம் வங்கியின் கடிகாரத்தில் இருந்தது. வாடிக்கையாளரின் பணத்தை வங்கிகள் நெடுநாள் முடக்கி வைக்கின்றன என்ற குறையைத் தீர்க்க அமெரிக்கா 1987-இல் ஒரு சட்டம் இயற்றியது. செலுத்தப்பட்ட காசோலையின் தொகையை இத்தனை நாளுக்குள் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்று அது வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் காசோலை (நம்முடைய டிமாண்ட் டிராஃப்டின் நெருங்கிய உறவு) நேரில் செலுத்தப்பட்டால், பொதுவாக அடுத்த வேலைநாளிலேயே பணத்தை எடுக்கலாம். நல்ல நோக்கமுடைய சட்டம். ஆயினும் பணத்தை எடுக்க முடிவது வேறு, காசோலை உண்மையானதென்று உறுதியாவது வேறு. முதலாவதற்கு ஒரு நாள். இரண்டாவதற்குச் சில வாரங்களும் ஆகலாம். போலி என்று தெரிந்து திரும்பி வந்தால், எடுத்த பணத்துக்கு எடுத்தவரே பொறுப்பு.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை 1,200 டாலர். வந்த காசோலை 4,200 டாலர். மறுநாள் கணக்கில் தொகை தெரிகிறது. வங்கியில் கேட்டால் ‘பணம் இருக்கிறது’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விடுதிக்காரர் 3,000 டாலரை ‘ஓட்டுநருக்கு’ அனுப்புகிறார். இரண்டு வாரம் கழித்துக் காசோலை போலியென்று திரும்புகிறது. வங்கி 4,200 டாலரையும் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிறது. வாடகை வரவில்லை, அறைகள் அந்நாட்களில் காலி, கையிலிருந்த 3,000 டாலரும் போயிற்று. சத்திரக்காரர் சட்டம் கண்ட பழைய எத்தர் வாடகையைத் தராமல் போனார். புதியவர் வாடகை தருவதாகச் சொல்லி விடுதிக்காரரின் சேமிப்பையே எடுத்துச் சென்றார். விட்டுச்செல்ல அவரிடம் செங்கல் பெட்டிகூட இல்லை.

காசோலைக்குப் பதில் திருட்டுக் கடன் அட்டை எண்ணைக் கொடுப்பதும் நடந்தது. கூடுதல் தொகையை அட்டையில் பிடித்துக்கொண்டு, அதை வேறொருவருக்குப் பணமாக அனுப்பச் சொல்வார்கள். அட்டையின் உண்மை உரிமையாளர் புகார் செய்ததும் தொகை முழுவதும் வணிகரின் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும். அட்டையை நேரில் பார்க்காமல் விற்றவர் என்பதால் பொதுவாக இழப்பு அவருடையதே.

பிரிட்டனில் நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. செலுத்திய காசோலை இனித் திரும்பவே திரும்பாது என்று சொல்ல ஒரு நிச்சயமான நாளே அங்கு நெடுங்காலம் இல்லை. 2007 நவம்பர் இறுதியில்தான் ‘2-4-6’ எனப்படும் விதி வந்தது. இரண்டாம் வேலைநாளிலிருந்து வட்டி, நான்காம் நாளிலிருந்து பணம் எடுக்கலாம், ஆறாம் நாள் முடிந்தால் பணம் உங்களுடையதே. நீங்களே மோசடியில் பங்கேற்றிருந்தாலன்றித் திரும்பப் பெற முடியாது என்பது அவ்விதியின் அன்றைய ஏற்பாடு. இந்த மூன்றாவது எண்ணின் அருமையை விடுதிக்காரரால் உணர முடியும். ‘ஏழாம் நாள் பேசுவோம்’ என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

பணம் சென்ற வழியிலும் கணக்குத் தீர்க்கப்பட்டது; காலம் கடந்துதான். 2017 ஜனவரியில் வெஸ்டர்ன் யூனியன், மோசடிப் பணப்பெயர்வுகளைத் தடுக்கத் தவறியது தொடர்பான வழக்குகளில் அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்து, 58 கோடியே 60 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அத்தொகையிலிருந்து ஏமாந்தவர்களுக்குப் பின்னர் பணம் திருப்பித் தரப்பட்டது.

*

இக்காலகட்டத்தின் மிகத் துயரமான அத்தியாயம் தொலைபேசியில் நிகழ்ந்தது. 1990-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம், காது கேளாதோரும் பேச இயலாதோரும் தொலைபேசியைப் பயன்படுத்த வழி செய்தது. அவர் தட்டச்சு செய்வதை நடுவிலிருக்கும் தொடர்பு உதவியாளர் மறுமுனைக்கு வாய்விட்டுப் படிப்பார். மறுமுனையின் பேச்சைத் தட்டச்சு செய்து அனுப்புவார். உதவியாளர் சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, பதிவும் வைக்கக்கூடாது. காது கேட்பவருக்கு இருக்கும் அந்தரங்கம் கேளாதவருக்கும் இருக்க வேண்டுமென்றால் இவை அனைத்தும் தேவை. இவ்விதிகளைவிட மனிதநேயமான விதிகளை எழுதுவது கடினம்.

2002-இல் இச்சேவை இணையம் வழியாகவும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை அழைப்பு ஒரு தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. எங்கிருந்து என்பது தெரியும். இப்போது உலகின் எந்த மூலையிலுள்ள கணினியிலிருந்தும் வரலாம். யாரென்று கேட்பார் இல்லை. கட்டணமும் இல்லை, செலவைப் பொது நிதியம் ஏற்றது. எத்தர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அயல்நாட்டு உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்ற ஒரே அச்சமும் தீர்ந்தது. தெளிவான அமெரிக்க ஆங்கிலத்தில், பணிவான குரலில், ஓர் அமெரிக்க உதவியாளரே அவர்களுடைய பொய்யை வரிக்கு வரி வாசித்தார்: அறை வேண்டும், அட்டை எண் இதோ, மீதியை ஓட்டுநருக்கு அனுப்புங்கள். மோசடி என்று உதவியாளருக்குத் தெரிந்தாலும் மறுமுனையை எச்சரிக்க விதி இடம் தரவில்லை.

விடுதிக்காரர்களும் சிறு வணிகர்களும் ஓரளவு ஏமாந்த பிறகு பாடம் கற்றார்கள், தவறான பாடம். ‘இது இடைத்தொடர்பு அழைப்பு’ என்ற முதல் சொல் காதில் விழுந்ததும் தொலைபேசியை வைத்துவிடலானார்கள். உண்மையாகவே காது கேளாத ஒருவர், உண்மையாகவே ஓர் அறை தேடியபோது, பேசத் தொடங்கும் முன்பே கதவு சாத்தப்பட்டது. எத்தர் அடித்த பணத்துக்குக் கணக்குண்டு. இப்படிச் சாத்தப்பட்ட கதவுகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2006-இல் இம்முறைகேட்டைத் தடுக்கும் வழி குறித்துக் கருத்துக் கேட்டது. 2008-இல் பயனாளர்கள் பதிவுசெய்து எண் பெற வேண்டும் என்று ஆணையிட்டது. பதிவு சரிபார்க்கப்படும் வரை விருந்தினராகப் பயன்படுத்தலாம் என்ற சலுகை 2012-இல்தான் முழுமையாக நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க நீதித்துறை ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. தகுதியற்ற வெளிநாட்டு அழைப்பாளர்களுக்கு இச்சேவையைத் தெரிந்தே வழங்கி நிதியத்திடம் பணம் கோரியது என்பதும், அந்நிறுவனம் கையாண்ட இவ்வகை அழைப்புகளில் 95 விழுக்காடு வரை அத்தகையவை என்பதும் வழக்கின் குற்றச்சாட்டு. 2013-இல் 35 லட்சம் டாலர் செலுத்தி நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

*

மூன்றாவது கட்டத்துக்கு வரும்முன், நடுவழியில் முளைத்த சில சில்லறை மோசடிகளைச் சுட்டிவிட்டுச் செல்லலாம். ‘உங்கள் விடுதியின் விவரத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிடுங்கள்’ என்று வரும் படிவம். பொடியெழுத்தில் மூன்றாண்டு விளம்பரச் சந்தா ஒளிந்திருக்கும். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு இதுபற்றி 400-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து, 2008 டிசம்பரில் ஒரு தீர்மானமே நிறைவேற்றப்பட்டது. ‘பணம் கட்டாவிட்டால் கூகுளில் உங்கள் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று காட்டப்படும்’ என மிரட்டும் இயந்திரக் குரல் இன்னொன்று. 2018 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதற்காகப் புளோரிடாவில் வழக்குத் தொடுத்தது. தேடுபொறியில் இல்லாத விடுதி உலகில் இல்லாத விடுதி என்ற நிலை வந்துவிட்டதை இம்மிரட்டலே ஒப்புக்கொள்கிறது.

அந்நிலைதான் மூன்றாவது கட்டத்தின் விளைநிலம். இணைய முன்பதிவுத் தளங்கள் வந்தபின் சிறு விடுதியின் பதிவேடு அதன் மேசையில் இல்லை. தொலைவிலுள்ள ஒரு கணினியில் இருக்கிறது. அதன் சாவி ஒரு கடவுச்சொல். 2018 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் 40 விடுதிகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. பேசியவர்கள் ஊழியர்களிடம் நயமாகப் பேசி புக்கிங்.காம் தளத்தின் நுழைவு விவரங்களைப் பெற்றுக்கொண்டார்கள். அதன்மூலம் 4,109 விருந்தினரின் விவரங்கள் வெளியேறின. அவர்களில் 283 பேரின் கடன் அட்டை விவரங்களும், 97 பேரின் இரகசிய எண்ணும் அடக்கம். நிறுவனம் செய்தியை 2019 ஜனவரி 13-இல் அறிந்தும், நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு பிப்ரவரி 7-இல்தான் தெரிவித்தது. 72 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். 22 நாள் தாமதத்துக்காக 4,75,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது 2021-இல் வெளியாயிற்று.

இங்கே எத்தர் விடுதியிடம் பணம் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவருக்கு வேண்டியது விடுதியின் குரல். அது கிடைத்தபின், வரவிருக்கும் விருந்தினருக்கு விடுதியின் பெயராலேயே செய்தி அனுப்பலாம்: ‘உங்கள் அட்டையைச் சரிபார்க்க முடியவில்லை, இந்த இணைப்பில் சென்று மீண்டும் செலுத்துங்கள், இல்லையேல் முன்பதிவு ரத்தாகும்.’ முன்பதிவு எண் சரி, தேதி சரி, பெயர் சரி. யார் நம்பமாட்டார்? பிரிட்டனின் மோசடிப் புகார் மையத்துக்கு 2023 ஜூன் முதல் 2024 செப்டம்பர் வரை இவ்வகையில் 532 புகார்கள் வந்தன. இழப்பு 3,70,000 பவுண்டு.

அக்குரலைத் திருடும் வழிகள் 2023-க்குப் பின் மேலும் நுட்பமாயின. விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: உங்களிடம் தங்கியிருந்தபோது கடவுச்சீட்டை விட்டுவிட்டேன், அதன் படம் இணைப்பில் உள்ளது, என் குழந்தைக்கு உணவு ஒவ்வாமை, மருத்துவரின் பட்டியலைப் பாருங்கள், உங்கள் விடுதியில் என் பொருள் திருடு போயிற்று, சான்று இதோ. திறந்தால் உள்ளே இருப்பது கடவுச்சொற்களைக் கவரும் நச்சுநிரல். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எச்சரிக்கை இன்னொன்றைச் சொல்கிறது. ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிப்பதுபோல் ஒரு போலிப் பக்கம் தோன்றி, குறிப்பிட்ட சில விசைகளை வரிசையாக அழுத்தச் சொல்லும். அழுத்தினால் ஊழியர் தம் கையாலேயே நச்சுநிரலை இயக்கியவர் ஆவார். இக்கடிதங்களின் பொருளடக்கத்தைக் கவனித்தால் மனம் கசக்கிறது. தொலைத்தவருக்கு உதவுதல், நோயாளிக் குழந்தைக்குப் பரிதல், குறை சொன்னவரைச் சமாதானம் செய்தல் ஆகியவையே தூண்டில்கள். நல்ல விடுதி ஊழியரின் இலக்கணம் எதுவோ அதுவே அவரைப் பிடிக்கும் வலை.

*

நம் நாட்டில் கதை வேறு உடை அணிந்து வந்திருக்கிறது. 2016-இல் யுபிஐ வந்தபின் சிறு விடுதிக்காரரின் முன்பணச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. தொலைபேசியில் அறை கேட்பவர் ஆயிரம் ரூபாயை அந்நிமிடமே அனுப்பிவிடலாம். கூடவே ஒரு குரலும் வந்தது. ‘இராணுவ அதிகாரி பேசுகிறேன், எங்கள் ஆட்கள் வருகிறார்கள், பத்து அறை வேண்டும்.’ அடையாள அட்டையின் படம் வாட்ஸப்பில் வரும். ‘எங்கள் கணக்குப் பிரிவின் முறை சற்று வேறு. நீங்கள் முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள். இரண்டாகத் திரும்ப வரும். பிறகு இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தினால் முழுத்தொகையும் உங்கள் கணக்கில் ஏறும்.’ ஒரு ரூபாய் இரண்டாகத் திரும்பவும் செய்யும். அடுத்த முறை பின் எண்ணை அழுத்தும்போது பணம் ஏறாது, இறங்கும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை என்பதை ரிசர்வ் வங்கியும் ஏனைய அமைப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. பதவிக்கும் சீருடைக்கும் நம் சமூகம் தரும் மரியாதை அந்த அறிவுரையை ஒரு நிமிடம் மறக்கச் செய்துவிடுகிறது.

மற்றொன்று: ‘ஐயா, 5,000 அனுப்புவதற்குப் பதில் தவறுதலாக 50,000 அனுப்பிவிட்டேன், மருத்துவமனையில் இருக்கிறேன், மீதியை உடனே திருப்பி அனுப்புங்கள்.’ வங்கியிலிருந்து வந்ததுபோல் ஒரு குறுஞ்செய்தியும் கைப்பேசியில் இருக்கும். கணக்கில் பணம் இருக்காது. அமெரிக்க விடுதிக்காரருக்கு வந்த 4,200 டாலர் காசோலையின் பேரப்பிள்ளை இது என்பதை வாசகர்கள் உடனே கண்டுகொள்வார்கள். அன்று இரண்டு வாரமாக இருந்த இடைவெளி இன்று இரண்டு நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடம் போதுமானதாக இருக்கிறது.

விடுதியின் உருவத்தைத் திருடுவதும் இங்கு உண்டு. புனிதத் தலங்களின் விருந்தினர் விடுதிகளுக்குப் போலி இணையப் பக்கங்கள் அமைத்து யாத்திரிகர்களிடம் பணம் பறிப்பதுபற்றி 2025 ஏப்ரலில் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது. சோமநாதர் ஆலய விருந்தினர் விடுதி முன்பதிவும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. இத்தகைய மோசடியில் ஏமாந்த குடும்பம் நள்ளிரவில் பெட்டியோடு வந்து நிற்பது உண்மையான விடுதியின் வாசலில். அவர்கள் காட்டும் ரசீதில் இருப்பது அந்த விடுதியின் பெயர். வாங்காத பணத்துக்கு வசை வாங்குபவர் விடுதிக்காரர்.

*

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான். மோசடியின் உடைகள் மாறினாலும் அது வாழும் இடம் மாறவில்லை. பணம் வந்ததுபோல் தோன்றுவதற்கும் உண்மையாகவே வருவதற்கும் இடையே ஒரு கால இடைவெளி. அதற்குள்தான் எத்தர் எப்போதும் குடியிருக்கிறார். அந்த இடைவெளிக்குள் விடுதிக்காரரைச் செயல்பட வைக்க அவர் கையாளும் ஒரே கருவி அவசரம். ஓட்டுநர் காத்திருக்கிறார், மருத்துவமனையில் இருக்கிறேன், இன்றே ரத்தாகிவிடும் என்று எல்லா நூற்றாண்டுகளிலும் கடைசி வாக்கியம் ஒன்றே.

ஆகவே பயனளித்த திருத்தங்கள் பலவும் காலத்தைத் திருப்பிக் கொடுத்தவையாக இருப்பதில் வியப்பில்லை. ‘2-4-6’ விதியின் ஆறாம் நாள் அத்தகையதாக இருந்தது. பிரிட்டன் 2024 அக்டோபர் 30 முதல், மோசடி என்று ஐயம் எழுந்தால் ஒரு பணப்பெயர்வைக் கூடுதலாக 72 மணி நேரம்வரை நிறுத்திவைக்க வங்கிகளுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அதே மாதம் 7-ஆம் தேதியிலிருந்து, ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பிய தனிநபர்களோடு மிகச்சிறு தொழில் நடத்துவோருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியும் வந்தது. ஏமாந்தவர் முட்டாள் அல்லர் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதாகவே இதை நாம் வாசிக்கிறோம். இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல், தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யுபிஐ வழியே ‘பணம் கேட்கும்’ வசதி நிறுத்தப்பட்டது. ஏமாற்றின் ஒரு சன்னல் அடைபட்டது. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே அதை முடக்க முயலும் ஏற்பாடும் இருக்கிறது. அங்கும் வெற்றி, எவ்வளவு விரைவில் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் எத்தருக்குச் சாதகம்.

ஆனால் சட்டம் செய்ய முடியாத ஒன்றை விடுதிக்காரர்தான் செய்தாக வேண்டும். இடைத்தொடர்பு அழைப்புகளின் கதை நமக்குக் கற்பிப்பது அதையே. ஏமாந்தவர் ஆளைச் சந்தேகிக்கத் தொடங்கினால் அச்சந்தேகம் எத்தரைத் தொடுவதில்லை. அவர் வேறு வேடத்துக்கு மாறிக்கொள்வார். காது கேளாதவரும், உச்சரிப்பு வேறானவரும், உண்மையான இராணுவ வீரரும், உண்மையாகவே கடவுச்சீட்டைத் தொலைத்தவரும்தான் வாசலில் நிறுத்தப்படுவார்கள். அவசரத்தைச் சந்தேகிப்பவருக்கு இந்தத் தீங்கு இல்லை. ‘அறை உண்டு, தாராளமாக வாருங்கள், பணம் என் கணக்கில் ஏறியதை நானே பார்த்த பிறகு பேசுவோம். மிகுதியைத் திருப்புவதென்றால், வந்த வழியிலேயே வங்கி மூலம் திருப்புவோம்’ என்று சொல்வதில் யாருக்கும் அவமதிப்பில்லை. உண்மையான விருந்தினர் ஒரு நாள் பொறுப்பார். பொறுக்க முடியாதவர் பெரும்பாலும் வரப்போகாதவர்.

முகம் மலர்ந்து வரவேற்பதும் கணக்கைப் பார்த்த பின் கைநீட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வள்ளுவர் வெவ்வேறு பால்களில் வைத்த இரண்டு அதிகாரங்களும் ஒரே நூலுக்குள்தானே இருக்கின்றன.